வயல்வழிக்காகப் பிக்கப்பை எவ்வளவு உயர்த்தலாம்? சஸ்பென்ஷன் தெரிவு, பூட்டும் முறை பற்றி ஆலோசனை தேவை

பேராற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் நெற்செய்கை செய்கிறேன். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு ஹைலக்ஸ் விகோ டபுள் கப் பிக்கப். டீசல் வாகனம், நான்கு சில்லுகளுக்கும் இழுவை உண்டு. முன்பக்கக் கொயில் ஸ்பிரிங்கும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கும் வாகனத்தோடு வந்தவையே, இதுவரை மாற்றவில்லை. ரயர் 265/70 ஆர்16 அளவு.

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஓடும்வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. அதிலிருந்து இறங்கிக் கிரவல் வீதியால் போய், குளக்கட்டைக் கடந்து, வாய்க்கால் ஓரமாக வயலுக்குச் செல்லும் மண்பாதையில்தான் சிக்கல் தொடங்குகிறது. காலபோக உழவு தொடங்கி மழையும் பிடித்துவிட்டால், உழவு இயந்திரங்களும் அவற்றின் பெட்டிகளும் போய்வந்து இரு பக்கமும் ஆழமான தடம் விழுந்துவிடும். நடுவில் எஞ்சும் மண்திட்டு வாகனத்தின் அடிப்பாகத்தில் உரசுகிறது. ஈரமாக இருக்கும்போது இழுத்துக்கொண்டாவது போகலாம். வெயில் எறித்துக் களி இறுகிய பிறகு உரசினால் எது உடைந்ததோ என்று இறங்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

நான் ஏற்றும் பாரம் பெரும்பாலும் 50 கிலோ உர மூட்டைகள் பத்தும், 200 லீற்றர் டீசல் பரல் ஒன்றும். அந்தப் பாரத்தோடு பின்பக்கம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது; பள்ளத்தில் விழும்போது அடிரப்பர் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது அச்சைத் தாங்கும் ரப்பர்) இடிக்கும் சத்தம் கேட்கிறது; இரவில் எதிரே வருபவர்கள் என் ஹெட்லைட்டைப் பார்த்து வெளிச்சம் அடிக்கிறார்கள்.

நகரில் ஒரு கடையில் விசாரித்தபோது, பொடியை (வாகனத்தின் மேற்கூட்டை) 2 அங்குலம் உயர்த்தி, முன்னுக்கு ஸ்பேசர் என்ற இடைத்தட்டும் பின்னுக்குக் கட்டையும் வைத்து இன்னும் 2 அங்குலம் ஏற்றினால் மொத்தம் 4 அங்குலம் கிடைக்கும் என்றார்கள். ஒருநாளில் முடித்துத் தருவார்களாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே வாகனத்தில்தான் வயதான அம்மாவை வவுனியா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்கிறேன். ஏ9 வீதியில் வேகமாக ஓடவேண்டியும் வரும். உண்மையில் எவ்வளவு உயரம் போதும், எந்த முறை நிலைத்து நிற்கும், எங்கள் பக்கத்துக் கராச் ஒன்றில் இதைச் சரியாகப் பூட்ட முடியுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சில்லும் அச்சும் எழுதியது:

தம்பி, கடையில் சொன்னதற்கு உடனே தலையாட்டாமல் இங்கே கேட்டது நல்லது. எத்தனை அங்குலம் என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் வாகனத்தில் எது மண்ணில் முட்டுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். முட்டும் உறுப்பைப் பொறுத்தே வைத்தியம் மாறும்.

அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு ரோர்ச் லைட்டோடு கீழே படுத்துப் பாருங்கள். மண் உரசிய இடம் பூச்சுப் போய்ப் பளபளப்பாகத் தெரியும். கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பின் ஷொக் அப்சோபரின் கீழ்ப்பிடி, ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளின் கீழ்த்தட்டு, இரு சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரென்ஷலின் வயிறு ஆகிய ஐந்தையும் தனித்தனியாகப் பாருங்கள். இவற்றுள் குறுக்குச் சட்டமும் சைலன்சரும் செசியோடு (வாகனத்தின் அடிச்சட்டத்தோடு) சேர்ந்தவை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அவையும் உயரும். டிஃபரென்ஷலும், யூ போல்ட் தட்டும், ஷொக்கின் கீழ்ப்பிடியும் அச்சோடு சேர்ந்தவை. நீங்கள் ஸ்பிரிங்கை 4 அங்குலம் உயர்த்தினாலும் அவை நிலத்திலிருந்து ஒரு நூல்கூட மேலே வரமாட்டா. அச்சை உயர்த்துவது ரயர் ஒன்றுதான். 265/70 ஆர்16 ரயரை 265/75 ஆர்16 ஆக மாற்றினால் விட்டம் ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் கூடும். அச்சு அதில் பாதி, அதாவது 13 மில்லிமீற்றர் உயரும். வேகமானி நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்: அது 60 காட்டும்போது வாகனம் 62இல் ஓடும்.

பொடியை உயர்த்துவது உங்கள் சிக்கலுக்குச் சிறிதும் உதவாது. பொடிக்கும் செசிக்கும் நடுவே கட்டை வைத்தால் பொடி மட்டும்தான் மேலே போகும்; செசியும் அதற்குக் கீழே தொங்கும் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய ரயருக்கு இடம் எடுப்பதற்காக உருவான முறை அது. அதைச் செய்யும்போது ஸ்டியரிங் தண்டு, எரிபொருள் நிரப்பும் குழாய், ரேடியேற்றர் விசிறியின் மூடி, கியர் தண்டு என்று பலவற்றை இழுத்தும் தாழ்த்தியும் சரிக்கட்ட வேண்டியிருக்கும். வயலுக்குப் போகும் வாகனத்துக்கு இந்த வேலை வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அடிரப்பர் இடிப்பதும் ஹெட்லைட் மேலே பார்ப்பதும் பின் ஸ்பிரிங் களைத்துப்போனதன் அடையாளங்கள். பத்து மூட்டை உரம் 500 கிலோ. டீசல் நிரம்பிய பரல் தன் தகரத்தோடு சேர்த்து 190 கிலோவுக்குக் கிட்ட வரும். இத்தனை ஆண்டுகள் அந்தப் பாரம் சுமந்த லீஃப் ஸ்பிரிங் தன் வளைவை இழந்திருக்கும். அதைப் புதிதாக்கினாலே, இழந்த உயரம் திரும்பி வரும். நடுத்திட்டு முட்டுவதில் பெரும்பகுதி அத்தோடு தீரக்கூடும்.

முன்பக்கத்தைப் பொறுத்தவரை, 40 முதல் 50 மில்லிமீற்றர், அதாவது 2 அங்குலத்தை நான் எல்லையாக வைத்திருக்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாகனத்தின் முன் சில்லுகள் ஒவ்வொன்றும் மேற்கை, கீழ்க்கை என்ற இரண்டு கைகளில் தனித்தனியாகத் தொங்குகின்றன; டிஃபரென்ஷல் செசியில் இறுகியிருக்கிறது. செசியை உயர்த்தினால் டிஃபரென்ஷலும் மேலே போகும். சில்லு கீழேயே இருக்கும். இரண்டையும் இணைக்கும் சி.வி. ஷாஃப்ட் கூடுதலாகச் சரிந்து நிற்கும். 2 அங்குலத்துக்கு மேல் போனால், சில்லு பள்ளத்தில் தொங்கும் வேளையில் அந்த ஷாஃப்ட்டின் முனையிலுள்ள ஜொயின்ட் தன் எல்லைக்கு வந்துவிடும். ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிழிந்த உறைக்குள் எங்கள் வயற்சேறு போனால் அந்த ஜொயின்ட் நெடுநாள் தாங்காது. மேற்கையின் போல் ஜொயின்டும் அதேபோல் எல்லையில் நின்று தேயும். இதைச் சமாளிக்க டிஃபரென்ஷலைத் தாழ்த்தும் ஸ்பேசர்கள் விற்பனைக்கு உண்டு. ஆனால் நிலத்திலிருந்து உயர்த்துவதற்காக ஒரு வேலையைத் தொடங்கி, அதற்காகவே டிஃபரென்ஷலை நிலத்தை நோக்கித் தாழ்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஷொக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர் மலிவானது. ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றாமலே பூட்டலாம் என்பதால் கடைக்காரருக்கும் சுலபம். ஷொக் கீழ்க்கையின் நடுப்பகுதியில் பிடிக்கப்பட்டிருப்பதால், ஸ்பேசரின் தடிப்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம் கிடைக்கும். 25 மில்லிமீற்றர் வைத்தால் 50 மில்லிமீற்றருக்குக் கிட்ட ஏறும். ஆனால் பழைய ஸ்பிரிங், பழைய ஷொக் அப்படியே கீழே தள்ளி வைக்கப்படுவதால், சில்லு தொங்கும்போது வழமையைவிடக் கூடுதலாகத் தொங்குகிறது. ஆழமான இடியில் அடிரப்பர் தாங்குமுன் ஷொக்கே அடிமட்டத்தில் இடிக்கலாம். புதிய நீளத்துக்கென்று செய்த ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக மாற்றுவதே முறை.

முதலில் பாரத்தோடும் பாரமில்லாமலும் அளந்து எழுதுங்கள். சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளக்கவேண்டும். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பிவிடும்.

கட்டுக்கரை எழுதியது:

மேலே சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். நான் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவன். கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்ட வாகனங்களை நெடுங்காலம் பராமரித்திருக்கிறேன். அந்த வாகனங்கள் ஆட்களையும் கருவிகளையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் கிரவல் வீதிகளிலேயே ஓடின. அங்கே கண்டதைக் கொண்டு பின்பக்கத் தெரிவைப் பற்றி எழுதுகிறேன்.

ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டொபின்சன்ஸ் போன்ற அவுஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் ஒரே வாகனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பின் ஸ்பிரிங்குகளை வைத்திருக்கிறார்கள். உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், வாகனத்தில் எப்போதும் இருக்கும் பாரத்தைப் பொறுத்து இலேசு, நடுத்தரம், பாரம் என்று அவை பிரிக்கப்பட்டிருக்கும். இங்கேதான் பலரும் தவறான ஸ்பிரிங்கை வாங்குகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் 700 கிலோ ஏற்றுபவர், அந்த 700 கிலோவுக்கென்று செய்த ஸ்பிரிங்கைப் பூட்டினால், மற்ற நாட்களில் வெறும் பெட்டியோடு ஓடும்போது பின்பக்கம் துள்ளும். ஈரமான கிரவலில் வளைவெடுக்கும்போது பின்சில்லுகள் பிடி விட்டு வெளியே இழுக்கும். உங்கள் பாவனைக்கு நடுத்தர ஸ்பிரிங் பொருந்தும் என்று நினைக்கிறேன். உரம் ஏற்றும் காலத்தில் சற்றுத் தாழும். தாழட்டும், அடிரப்பரைத் தொடாமல் இருந்தால் போதும். பாரமான ஸ்பிரிங் பூட்டியதால் வாகனம் சுமக்கக்கூடிய எடை கூடிவிட்டது என்று மட்டும் எண்ணவேண்டாம். செசியும், அச்சின் பெயரிங்கும், பிரேக்கும் பழையவையே. கையேட்டில் உள்ள மொத்த எடையே எல்லை.

பின்னுக்குக் கட்டை வைப்பதை நான் ஏற்பதில்லை. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வந்தால், சேற்றில் முதலாவது கியரில் இழுக்கும்போது அச்சு சுழல முயலும் விசை கூடுதல் நெம்புதூரத்தோடு தகடுகளை முறுக்கும். தகடுகள் எஸ் எழுத்தின் வடிவில் நெளிந்து, சில்லு தட்தட்டென்று குதிப்பதை நீங்கள் கண்ணாலேயே காணலாம். தவிர, கட்டை உயரத்தைத் தரும், வலிமையைத் தராது. களைத்த ஸ்பிரிங் களைத்தபடியே இருக்கும். ஸ்பிரிங்கின் பின்முனையைச் செசியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமானதாகப் பூட்டுவதும் இதே தரத்தில்தான்: 50 மில்லிமீற்றர் நீட்டினால் 25தான் உயரும், அதோடு அச்சின் சாய்வு மாறி, அதற்கு இழுவையைக் கொண்டுபோகும் புரோப்பலர் ஷாஃப்ட்டில் அதிர்வு கிளம்பும்.

ஷொக் அப்சோபரைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. எங்கள் கிரவல் வீதிகள் மழை ஓய்ந்த சில வாரங்களில் குறுக்குவாட்டில் அலை அலையாகிவிடும். அந்த வீதியில் ஷொக்கின் தண்டு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை உள்ளே போய் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் அது அடக்கும் ஆட்டம் எண்ணெயில் சூடாக மாறும். சூடேறிய எண்ணெயில் நுரை விழுந்தால் ஷொக் வேலைசெய்வதை நிறுத்திவிடும். ஸ்பிரிங் மட்டும் தனித்து ஆடும். தரமான புதிய ஸ்பிரிங்குக்கு மலிவான ஷொக் பூட்டுபவர்கள் சில மாதங்களிலேயே ஸ்பிரிங்கைக் குறை சொல்லத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பணம் பற்றாவிட்டால் இரண்டையும் அரைகுறையாக வாங்காமல், இப்போது பின்பக்கத்தை முழுமையாக முடித்துவிட்டு, முன்பக்கத்தை அடுத்த போகம் முடிந்தபின் செய்யுங்கள்.

இன்னொன்று முக்கியமானது. பின் அச்சுக்கு மேலே, செசியில் ஒரு சிறிய பிரேக் வால்வும், அதிலிருந்து அச்சுக்கு இறங்கும் மெல்லிய கம்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வாகனத்தை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியை அப்படியே விட்டால், பாரம் ஏற்றியிருக்கும்போதும் பெட்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உரத்தோடு வரும் வாகனம் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் போகும். கம்பியின் பிடியை உயர்த்திய அளவுக்கேற்பச் சரிசெய்யவேண்டும். வாங்கும் உதிரிப்பாகத் தொகுதியில் அதற்கான துண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

துணுக்காய் வைத்தியர் எழுதியது:

நான் கால்நடை வைத்தியர். மழைக்காலத்தில் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துப் பட்டிகளுக்குப் போய்வருவதால் உங்கள் பாதையின் நிலை எனக்கு நன்றாக விளங்குகிறது. இயந்திர விபரங்களை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். உயர்த்திய வாகனத்தோடு நாளாந்தம் வாழ்வதைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் அம்மாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2 அங்குலம் என்பது எழுத்தில் சிறிதாகத் தெரியும். முழங்கால் நோவுள்ள ஒருவருக்கு அதுவே ஏற முடிவதற்கும் முடியாமற்போவதற்கும் உள்ள வித்தியாசம். அதே செலவில் பக்கப்படியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அது செசியின் விளிம்பைவிடக் கீழே தொங்காததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மண்திட்டில் முதலில் அதுதான் முட்டும்.

இரவில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். சில இடங்களில் யானையும் குறுக்கே வரும். வாகனத்தின் எடை உயரப் போகும்போது, சடுதியாக ஒடித்துத் திருப்பும் இடத்தில் அது முன்னரைவிடக் கூடுதலாகச் சரியும். நான் உயர்த்திய பிறகு வழமையான வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். ஹெட்லைட்டை மீண்டும் தாழ்த்திச் சரிசெய்வதை மறக்கவேண்டாம். வேலை தொடங்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அலுவலகத்தில் உள்ள பழைய மிட்சுபிஷி எல்200 வாகனத்தில் முன்னுக்குக் கொயில் இல்லை, நீண்ட முறுக்குத் தண்டுதான் இருக்கிறது. அதன் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும் என்கிறார்கள். அது சரியா?

சில்லும் அச்சும் எழுதியது:

வைத்தியர் அக்கா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உயரும் என்பது உண்மை. அந்தப் போல்ட் இருப்பதே உயரத்தைச் சரிசெய்யத்தான். ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துபோன வாகனத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர அதைத் திருகலாம். அதற்கு மேலும் திருகினால், சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்து, கை கீழிறங்கும் எல்லையில் உள்ள நிறுத்தத்தில் போய் இருந்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு இடிக்கும். தண்டின் வலிமை அதனால் கூடுவதுமில்லை.

பேராற்றங்கரைத் தம்பியின் அளவுகளுக்காகக் காத்திருக்கிறேன்.

பேராற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே கழுவிவிட்டுப் பார்த்தேன். கியர் பெட்டியின் கீழுள்ள குறுக்குச் சட்டம் முழு அகலத்துக்கும் வெள்ளி நிறமாகத் தேய்ந்திருக்கிறது. பின் ஷொக்கின் கீழ்ப்பிடிகளிலும் உரசல் உண்டு. டிஃபரென்ஷலின் அடியில் சிறிய கீறல்தான். பாரம் ஏற்றியபோது பின்பக்கம் 95 மில்லிமீற்றர் இறங்குகிறது. வெறுமையாக நிற்கும்போதே வலது பக்கம் இடதைவிட 12 மில்லிமீற்றர் தாழ்வாக இருக்கிறது. காரணத்தைத் தேடி வலது லீஃப் ஸ்பிரிங்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, இரண்டாவது தகட்டில் யூ போல்ட்டின் ஓரமாக மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து துருவின் சிவப்பு வெளியே வந்திருக்கிறது. பிரேக் வால்வும் கம்பியும் இருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து இந்த வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தாலும், புதியது வாங்கும் வசதி எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆகவே இதில் செலவழிப்பதை நெடுநாளுக்கென்று செய்ய விரும்புகிறேன். 40 மில்லிமீற்றர் உயர்த்தும் முழு உதிரிப்பாகத் தொகுதி, நடுத்தரப் பின் ஸ்பிரிங், நான்கு ஷொக்குகள் என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போதுள்ள ரயர் தேய்ந்து முடியும்போது 265/75 ஆர்16 போடலாம் என்று எண்ணம். பக்கத்து ஊரில் ஒருவர், வெடித்த தகட்டை மட்டும் மாற்றி, லொறித் தகடு ஒன்றைச் சேர்த்து வளைத்துத் தரலாம் என்கிறார். அது போதுமா? பூட்டும்போது கராச்சில் நான் எதைக் கவனிக்கவேண்டும்?

சில்லும் அச்சும் எழுதியது:

அந்த வெடிப்பைக் கண்டது பெரிய காரியம். தகடு ஒடிந்து அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்தால் வாகனம் கையில் நில்லாது. புதிய உதிரிப்பாகத் தொகுதி வரும்வரை பாரம் ஏற்றவேண்டாம்.

லொறித் தகடு தடிப்பானது. மெல்லிய தகடுகளின் நடுவே ஒன்று மட்டும் தடிப்பாக இருந்தால், பாரத்தின் பெரும்பகுதியை அதுவே வாங்கும்; அது முடிகிற இடத்தில் அடுத்த தகடு ஒடியும். சூடேற்றாமல் அடித்து வளைத்த தகடு கொஞ்ச நாளில் மீண்டும் தட்டையாகிவிடும். வயலுக்கு மட்டும் ஓடும் பழைய வாகனமாக இருந்தால் நானும் அதைச் செய்து தந்திருப்பேன். அம்மா ஏறும் வாகனத்துக்கு முழு ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள்.

கராச்சைத் தெரிவுசெய்யும்போது மூன்றைப் பாருங்கள்: சமமான சீமெந்துத் தரை, செசியைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டுகள், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் ஒன்று வேலைசெய்யும் நிலையில். ஜக்கின் மீது மட்டும் வாகனத்தை நிறுத்தி இந்த வேலையைச் செய்யும் இடத்தில் விடவேண்டாம்.

வேலைக்குச் சில நாட்களுக்கு முன்பே எல்லாப் போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வாருங்கள். குறிப்பாக முன் கீழ்க்கையில் அலைன்மென்ட்டுக்காக (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வதற்காக) உள்ள, மையம் விலகிய தலையுடைய போல்ட்டுகள் எங்கள் பகுதிச் சேற்றில் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப்பிடித்துவிடும். அவை திரும்பாவிட்டால் உயர்த்திய பின் அலைன்மென்ட் செய்ய முடியாது, வெட்டித்தான் எடுக்கவேண்டிவரும். திரும்புகின்றனவா என்பதை வேலை தொடங்குமுன் உறுதிசெய்துகொண்டால் நடுவழியில் வாகனம் கராச்சில் கிடக்காது.

முன் ஷொக்கைக் கழற்றும்போது தலையில் மூன்று நட்டுகள் வெளியேயும், நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். வெளியே உள்ள மூன்றையும் கழற்றினால் முழுத் தொகுதியும் இறங்கும். நடுநட்டு அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. ஸ்பிரிங்கைக் கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இயன்றால் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஏற்கெனவே ஒன்றாகப் பூட்டப்பட்ட தொகுதியாக வாங்கிவிடுங்கள்; சற்றுக் கூடுதல் விலை, ஆனால் அந்த ஆபத்தான கட்டமே இல்லை. சில்லுப் பகுதியைக் கழற்றித் தொங்கவிடும்போது பிரேக் ஹோஸிலோ ஏ.பி.எஸ். வயரிலோ அதன் பாரம் விழக்கூடாது. கம்பியால் கட்டித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். சி.வி. ஷாஃப்ட் வெளியே இழுபடாமலும் பார்க்கவேண்டும்.

பின்பக்கத்தில் பழைய யூ போல்ட்டுகளைத் திருப்பிப் பூட்ட விடாதீர்கள். ஒருதடவை இறுக்கி நீண்ட போல்ட் மீண்டும் அதே பிடியைத் தராது. ஸ்பிரிங்கின் நடுப்போல்ட்டின் தலை, அச்சில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது ஒரு பக்கம் தவறினால் அச்சு கோணலாக நிற்கும். நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்பிரிங் கண்களிலும் கீழ்க்கைகளிலும் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை, முறுக்குப்பட்டுத்தான் அசைகின்றன. சில்லு தொங்கும் நிலையில் அவற்றின் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், வாகனத்தைத் தரையில் இறக்கியவுடனேயே ரப்பர் முறுக்கிய நிலையில் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். ஓட்டம் முரடாக இருக்கும், உயரமும் தவறாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் கிழிந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் கையால் இறுகும் அளவுக்குப் பூட்டி, வாகனத்தைத் தன் சில்லுகளில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, பெட்டியை அமுக்கி ஆட்டிவிட்ட பிறகே டோர்க் ரெஞ்சால் கடைசி இறுக்கத்தைக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு வேலை நடக்கும்போதாவது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு, மீண்டும் உயர்த்திச் சில்லுகளைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு முனைகளுக்கும் திருப்பிப் பார்த்து, எந்த ஹோஸும் இழுபட்டு நிற்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பின் பிரேக் ஹோஸ் இறுகி நின்றால் அதன் பிடியைத் தாழ்த்தவேண்டும். டிஃபரென்ஷலின் மூச்சுக்குழாயும் அச்சிலிருந்து செசிக்குப் போவது. அது இழுபட்டுக் கழன்றிருந்தால், வான் பாயும் நீரைக் கடக்கும்போது சூடான டிஃபரென்ஷல் குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். இடமிருந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே அந்தக் குழாயை நீட்டிச் செசிக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். வாகனம் உயர்ந்துவிட்டதென்று ஓடும் நீரில் துணிந்து இறங்கவேண்டாம். இயந்திரம் காற்றெடுக்கும் வாய் அந்த 40 மில்லிமீற்றர் மட்டுமே உயர்ந்திருக்கிறது.

அலைன்மென்ட்டை ஸ்பிரிங் அமரும்வரை சில நாட்கள் ஓடவிட்டுச் செய்யுங்கள். பல இடங்களில் சில்லின் முன்நோக்கு மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுகிறார்கள். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர், அதாவது சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். காஸ்டர் குறைந்த வாகனம் ஏ9இல் நேராக நில்லாமல் அலையும், வளைவுக்குப் பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. இரு பக்கக் காஸ்டரும் காட்டும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். 40 மில்லிமீற்றருக்கு அந்தப் போல்ட்டுகளாலேயே போதிய அளவு சரிக்கட்டலாம். புதிய மேற்கை வாங்கும் தேவை வராது.

பெரிய ரயர் போடும் நாளில், வாகனத்தை நிறுத்தி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள்; மட்காட்டின் உள்தகட்டின் பின்மூலையில் உரசினால் அங்கே தெரியும்.

எல்லாம் இறுக்கி முடிந்ததும் ஒவ்வொரு யூ போல்ட் நட்டின் மீதும், அலைன்மென்ட் போல்ட்டுகளின் தலையிலும், நட்டிலிருந்து தட்டுவரை ஒரே கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். 500 கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட்டுகளை டோர்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கவேண்டும். புதிய தகடுகள் அமர்வதால் கட்டாயம் சற்றுத் தளர்ந்திருக்கும். இறுக்கிய பின் புதிதாகக் கோடிட்டுக்கொண்டு, உரம் ஏற்றிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு குனிந்து பாருங்கள். யூ போல்ட்டின் கோடு விலகியிருந்தால் அன்றே இறுக்குங்கள். அலைன்மென்ட் போல்ட்டின் கோடு விலகியிருந்தால் அதை நீங்களே திருகாமல் அலைன்மென்ட் செய்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.